மூடியை யாரும் பார்க்கவில்லை: வீட்டில் வைத்திருந்த மருத்துவக் கஞ்சாப் பூ கெட்டுப்போன ஒரு நிகழ்வு

பின்னணி

நான் வீடுகளுக்குச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர். இங்கே எழுதுவது ஒரே வீட்டில் ஏறத்தாழ ஆறு மாதங்களில் நடந்தது. ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். மருத்துவக் கஞ்சாவைச் சட்டம் அனுமதிக்கும் இடத்தில், மருத்துவரின் ஒப்புதலோடு வாங்கிய பொருள் இது. அனுமதி இல்லாத இடத்தில் இதை வைத்திருப்பதே குற்றம் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நோயாளி அறுபதைத் தாண்டிய பெண். புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சை போய்க்கொண்டிருந்தது. குமட்டலுக்குக் கொடுத்த மாத்திரைகள் பாதிதான் வேலை செய்தன. இரவில் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. புற்றுநோய் மருத்துவர் யோசித்து, உலர்ந்த கஞ்சாப் பூவை வேப்பரைசர் கருவியில் சூடாக்கி, இரவில் ஒரு முறை ஆவியை இழுக்கச் சொன்னார். அளவு ஒரு தடவைக்கு 0.2 கிராம்.

வீட்டில் அவருடன் இருப்பவர்கள் கணவரும் மகளும். வார இறுதியில் மகனின் குடும்பம் வரும், நான்கு வயதுப் பேரனோடு. மருந்து விஷயம் முழுக்க மகள் பொறுப்பு. அடிக்கடி அலைய முடியாது என்று அவர் ஒரே தடவையில் 30 கிராம் வாங்கி வந்துவிட்டார். இரவுக்கு 0.2 கிராம் என்றால் 30 கிராம் 150 நாளுக்கு வரும். ஐந்து மாதம். இந்தக் கணக்கை அப்போது யாரும் போட்டுப் பார்க்கவில்லை, நானும்தான். சேமிப்பு என்பதே ஒரு பிரச்சினையாக வந்தது இதனால்தான். பத்து நாளில் தீர்ந்துபோகும் பொருளை எப்படி வைத்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது.

முதல் ஆறு வாரங்கள்

பூ மூன்று பிளாஸ்டிக் பைகளில் வந்தது. பையில் கசங்கிவிடும் என்று மகள் மூன்றையும் ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் கொட்டினார். நிறமில்லாத ஜாடி, திருகு மூடி. அடுப்புக்குப் பக்கவாட்டில், ஜன்னலை ஒட்டிய உயரமான தட்டில் வைத்தார். பேரனுக்கு எட்டாது, அம்மாவுக்கு எடுக்க வசதி. அவர் யோசித்த வரைக்கும் அது சரியான இடம்தான்.

அந்த இடத்தில் என்னென்ன சேர்ந்திருந்தது என்று பின்னால் பட்டியல் போட்டேன். பகல் வெளிச்சம் நேராக ஜாடியில் விழுந்தது. அடுப்பு எரியும்போதெல்லாம் சூடும் நீராவியும் ஏறியது. ஒரு லிட்டர் ஜாடியில் பூ பாதிக்குக் கீழேதான் இருந்தது, மீதி எல்லாம் காற்று. நாள் போகப் போகப் பூ குறைந்து காற்று கூடியது. போதாக்குறைக்கு ஒவ்வொரு இரவும் மொத்த இருப்பும் திறக்கப்பட்டது.

ஆறாவது வாரம் மகள் என்னிடம் சொன்னார்: "சிஸ்டர், பூ பொலபொலன்னு உதிருது. அம்மா இழுத்தா தொண்டை எரியுதுங்கறாங்க. முன்ன மாதிரி வேலையும் செய்யலயாம்."

முதலில் வாங்கியபோது ஜாடியைத் திறந்தால் எலுமிச்சைத் தோலும் பைன் மரமும் கலந்தது போன்ற வாசனை அடிக்கும் என்றார். இப்போது வைக்கோல் வாசனை. நான் போனில் கேட்டுவிட்டு, "காய்ந்துவிட்டது, நேரில் வரும்போது பார்க்கிறேன்" என்று முடித்துக்கொண்டேன். அடுத்த வருகை இரண்டு வாரம் கழித்துத்தான். அந்த இரண்டு வாரத்தில் வீட்டார் சும்மா இருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இங்கே கொஞ்சம் நின்று, காய்வதில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் எடுத்த முடிவுகள் இதில்தான் நிற்கின்றன. பூவின் மேல் சர்க்கரைத் தூள் தூவியது போல மின்னுவது பிசின் சுரப்பிகள். மருந்துச் சரக்கு அவற்றில்தான் இருக்கிறது. வாசனை தரும் டெர்ப்பீன்களும் அவற்றில்தான். லிமோனீன், பைனீன், மிர்சீன் போன்ற இலேசான டெர்ப்பீன்கள் சீக்கிரம் ஆவியாகிப் போகும். போனது போனதுதான். பூ காய்ந்து மொறுமொறுப்பானால் சுரப்பிகளின் தலைகள் உடைந்து அடியில் தூளாகச் சேரும். இந்த வீட்டில் மகள் அந்தத் தூளை வாரம் ஒரு முறை தட்டிக் குப்பையில் போட்டிருக்கிறார், தூசி என்று நினைத்து. "வேலை செய்யவில்லை" என்று அம்மா சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். தொண்டை எரிகிறது என்று அவர் பாதி மூச்சோடு நிறுத்தியதும் ஒரு காரணம்.

சரக்கே வீரியம் இழந்துவிட்டதா என்று மகள் கேட்டார். ஆறு வாரத்தில், காலம் என்ற ஒன்றினால் மட்டும், அவ்வளவு போகாது. மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ராஸ், எல்சோலி என்ற ஆய்வாளர்கள் சேமித்து வைத்த மாதிரிகளில் பார்த்திருக்கிறார்கள்: 20 முதல் 22 டிகிரி அறை வெப்பத்தில், கஞ்சாவின் முக்கிய மருந்துச் சரக்கான டிஎச்சி ஓராண்டில் ஏறத்தாழ 17 சதவீதம் குறைந்தது, இரண்டு ஆண்டில் 27, நான்கு ஆண்டில் 41. அதன் ஒரு பகுதி ஆக்சிஜன் பட்டு சிபிஎன் என்ற வேறு பொருளாக மாறுகிறது. ஆனால் வெளிச்சம் வேறு கதை. 1976-ல் வெளிவந்த ஃபேர்பேர்ன் குழுவின் ஆய்வு, இழப்புக்குக் காரணமானவற்றில் மிகப் பெரியது வெளிச்சம்தான் என்றது. இருட்டில் வைத்த நல்ல சரக்கு அறை வெப்பத்திலேயே ஓரிரு ஆண்டு ஓரளவு நிலையாக இருந்ததாகவும் அதில் உண்டு. நம் ஜாடி இருந்ததோ ஜன்னலோரம்.

ஆரஞ்சுத் தோல்

மகளுக்குத் தெரிந்த ஒருவர், ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டு ஜாடியில் போட்டால் பூ பழையபடி மெத்தென்று ஆகிவிடும் என்று சொல்லியிருக்கிறார். பரவலாகச் சொல்லப்படும் யோசனைதான், முதல் நாள் வேலையும் செய்யும். கட்டைவிரல் அகலத்தில் இரண்டு துண்டு போட்டார். மறுநாள் பூ விரலுக்கு மெத்தென்று இருந்தது. ஆரஞ்சு வாசனையும் வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். அன்று மாலை எடுத்துவிடுவதாக இருந்தவர் அதை மறந்துபோனார். இரண்டு நாள் கழித்து நினைவு வந்து ஒரு துண்டை எடுத்தார். இன்னொன்று பூவுக்கு நடுவே கீழே இறங்கிவிட்டது, கண்ணில் படவில்லை.

ஒன்பது நாள் உள்ளேயே கிடந்தது.

தோலில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, அதில் எவ்வளவு பூவுக்குப் போகும் என்று யாராலும் அளவிட முடியாது. நின்றுபோகும் இடம் என்று ஒன்று கிடையாது, ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். தோலே பூஞ்சை பிடிக்கும் பொருள். அதன் மேல் ஏற்கெனவே பூஞ்சையின் வித்துகள் இருக்கும்.

எட்டாவது வாரம்: நேரில் பார்த்தது

நான் போனபோது நோயாளிக்கு நான்கு நாளாக வறட்டு இருமல். காய்ச்சல் இல்லை. அந்த வார ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் குறைந்திருந்தன. அந்தக் கட்டத்தில் கீமோவில் இது எதிர்பார்க்கக்கூடியதுதான்.

ஜாடியைத் திறந்ததும் ஆரஞ்சும் இல்லை, பைனும் இல்லை. ஈரத் துணியை மடித்து அலமாரியில் மறந்து வைத்தால் வருமே, அந்த வாடை. ஜாடிக்குள் ஒரு சின்ன ஈரப்பதமானியை வைத்து மூடி இரண்டு மணி நேரம் விட்டேன். 71 சதவீதம் காட்டியது.

அந்தக் கருவி என்னுடையது, அதை நான் சோதித்துப் பார்த்து வெகு நாளாகிவிட்டது. அதனால் அன்றிரவு உப்புச் சோதனை செய்தேன். ஒரு பாட்டில் மூடியில் சாதாரண உப்பை நிரப்பி, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, அதையும் கருவியையும் ஒரு பையில் காற்றுப் புகாமல் மூடி, காலை வரை வைத்தேன். தோய்ந்த உப்புக்கு மேலே அடைபட்ட காற்றின் ஈரப்பதம் அறை வெப்பத்தில் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். கருவி 70 காட்டியது. அதாவது ஐந்து குறைத்துச் சொல்கிறது. ஜாடியில் இருந்தது ஏறத்தாழ 76.

இந்த எண்ணுக்கு என்ன பொருள் என்றால்: உலர்ந்த கஞ்சாப் பூவுக்காக ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பு வகுத்த அளவுகோல் நீர்ச்செயல்பாட்டை (பூஞ்சைக்குக் கிடைக்கும் ஈரத்தின் அளவை) 0.55-க்கும் 0.65-க்கும் இடையே வைக்கச் சொல்கிறது. மூடிய ஜாடிக்குள் அது 55 முதல் 65 சதவீத ஈரப்பதத்துக்குச் சமம். 55-க்குக் கீழே போனால் உதிரும். 65-க்கு மேலே போகப் போகப் பூஞ்சைக்கு வழி திறக்கும், 70-ஐத் தாண்டினால் அதற்குக் கொண்டாட்டம். 76 என்பது சந்தேகத்துக்கு இடமே இல்லாத எண்.

அடுத்து பூதக்கண்ணாடி. 40 மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடியில் மேலே இருந்த பூக்கள் ஒழுங்காகவே தெரிந்தன. பிசின் சுரப்பி சின்னக் காளான் மாதிரி இருக்கும்: ஒரு காம்பு, மேலே உருண்டைத் தலை, தனித்தனியாக நிற்கும். அடியில் இருந்த பூக்களில், தோல் ஒட்டிக்கொண்டிருந்த இடத்தைச் சுற்றி, வேறு ஒன்று இருந்தது. தலை இல்லாத மெல்லிய சாம்பல் இழைகள், சிலந்திவலை போலச் சிக்கலாக. வெறும் கண்ணுக்கு அது பிசின் மினுமினுப்பு போலத்தான் தெரிந்தது. மகள் தினமும் பார்த்தும் கண்டுபிடிக்காததில் வியப்பில்லை. பூவைக் காம்போடு பிளந்து உள்ளே பார்த்தபோது ஒன்றில் பழுப்பு நிறத்தில் மாவாக உதிர்ந்தது.

தூக்கிப்போட எடுத்த முடிவு

ஜாடியில் ஏறத்தாழ 18 கிராம் மிச்சம் இருந்தது. ஐயா, அதாவது நோயாளியின் கணவர், கொஞ்சம் வருத்தத்தோடுதான் கேட்டார்: "மேல இருக்கறது நல்லாத்தானேம்மா இருக்கு? கெட்டதை மட்டும் எடுத்துப் போட்டா ஆகாதா?"

நியாயமான கேள்வி. பணம் கொடுத்து, அலைந்து வாங்கியது. ஆனாலும் மொத்தத்தையும் போட்டுவிடச் சொன்னேன். காரணங்களை அவருக்குச் சொன்னபடியே எழுதுகிறேன்.

இழைகள் தெரிவது கடைசிக் கட்டம். அதற்குள் வித்துகள் ஜாடி முழுக்கப் பரவியிருக்கும், ஒவ்வொரு இரவும் கையை விட்டுக் கிளறியிருக்கிறோம். இரண்டாவது, சேமித்த கஞ்சாவில் வளரும் பூஞ்சைகளில் ஆஸ்பர்ஜில்லஸ் முக்கியமானது. திடமான ஆளின் நுரையீரல் அதைச் சமாளித்துவிடும். வெள்ளணு குறைந்தவருக்கு அது நுரையீரலில் வேர் பிடிக்கலாம். எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்ட ஒருவர் பூஞ்சை பிடித்த கஞ்சாவைப் புகைத்து இப்படி இறந்தது 1988-லேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. மூன்றாவது, "சூடு பண்ணித்தானே இழுக்கிறாங்க, அதில் செத்துப்போகாதா?" என்று மகள் கேட்டார். வேப்பரைசரில் பூவுக்குச் சூடு படுவது கொஞ்ச நேரம், அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி படாது. பூஞ்சை செத்துவிடும் என்று நம்பி இவருடைய நுரையீரலைப் பணயம் வைக்க முடியாது. செத்த பூஞ்சையின் நச்சும் அங்கேயேதான் இருக்கும்.

ஐயா அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பூவை ஈர மண்ணோடு பிசைந்து, இரண்டு பைக்குள் கட்டி அப்புறப்படுத்தினோம். குழந்தை வரும் வீட்டில் குப்பைக்கூடையில் அப்படியே போடக் கூடாது. ஜாடியைச் சோப்பால் கழுவி, சாராய ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவைத்தோம், ஆனால் மறுபடி இதற்குப் பயன்படுத்தவில்லை. வேப்பரைசரின் கிண்ணத்தையும் வாய்ப்பகுதியையும் ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கழுவி, வலைச்சல்லடையை மாற்றினோம்.

அன்றே மருத்துவரிடம் பேசினேன். அவர் மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். தெளிவாக இருந்தது. வெள்ளணு எண்ணிக்கை ஏறும்வரை ஆவி இழுப்பதே வேண்டாம் என்று நிறுத்தினார், குமட்டலுக்கு மாத்திரையை மாற்றினார். இருமல் பத்து நாளில் அடங்கியது. இருமலுக்குப் பூஞ்சைதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. காய்ந்த பூவின் எரிச்சலே போதும் இருமல் வர.

புதிய ஏற்பாடு

மூன்று வாரம் கழித்து மருத்துவர் மறுபடி அனுமதித்தார், இரண்டு நிபந்தனையோடு. நுண்ணுயிர்ச் சோதனை முடிந்து, கிருமிகளைக் கொல்லக் காமாக் கதிர் பாய்ச்சிய பூவாக இருக்க வேண்டும். வெள்ளணு குறையும் நாட்களில் தொடக் கூடாது.

கதிர் பாய்ச்சினாலும் அது வாங்கும் நாள் வரைக்குமான காப்புதான். வீட்டுக்கு வந்தபின் ஈரம் ஏறினால் புதிதாகப் பூஞ்சை பிடிக்கும். எனவே மகளும் நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்தோம்.

இனி ஒரு தடவைக்கு 10 கிராம் மட்டும். 50 நாளுக்கு வரும். அலைச்சல் கூடும்தான், ஆனால் கெட்டால் போவதும் அவ்வளவுதான்.

ஜாடி பழுப்புக் கண்ணாடி, பூ முக்கால் பங்கு நிறையும் அளவில் சின்னது. பிளாஸ்டிக் வேண்டாம் என்றதற்குக் காரணம் மகளுக்கே தெரிந்திருந்தது: முதல் பைகளின் உட்சுவரில் பிசின் தூள் ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறார். மெல்லிய பிளாஸ்டிக்கில் காற்றும் மெல்ல மெல்ல ஊடுருவும்.

ஈரத்துக்கு இருவழி ஈரப்பதப் பை. இந்தச் சின்னப் பைக்குள் உப்புக் கரைசல் இருக்கிறது. நீராவி மட்டும் போய்வரக்கூடிய சவ்வு அதை மூடியிருக்கிறது. ஜாடி காய்ந்தால் ஈரத்தை விடும், கூடினால் வாங்கிக்கொள்ளும். ஆரஞ்சுத் தோலிடம் இல்லாதது இந்த இரண்டாவது குணம். 58 சதவீதப் பையும் 62 சதவீதப் பையும் கிடைக்கின்றன. 62-ல் பூ இன்னும் மெத்தென்று இருக்கும், வாசனையும் நன்றாக நிற்கும் என்பார்கள். நான் 58-ஐத் தேர்ந்தெடுத்தேன். வேப்பரைசருக்குச் சற்று உலர்ந்த பூ நல்லது. தவிர, இந்த நோயாளிக்கு ஈரப் பக்கம் தவறுவதைவிட உலர்ந்த பக்கம் தவறுவது மேல். 10 கிராமுக்கு 4 கிராம் எடையுள்ள பை ஒன்று போதும். பை விறைத்து அட்டை போல ஆனால் மாற்ற வேண்டும்.

இடம் பற்றித்தான் விவாதம் நடந்தது. ஃபிரிட்ஜில் வைத்தால் என்ன என்றார் ஐயா. குளிர்ச்சி நல்லதுதானே. கேட்பதற்குச் சரியாகப்படும், நடைமுறையில் தொல்லை. குளிர்ந்த ஜாடியை வெளியே எடுத்து உடனே திறந்தால் அறைக் காற்றின் ஈரம் பூவின் மேல் பனியாகப் படியும். தினமும் எடுத்து வைத்தால் தினமும் படியும். உறைபெட்டியில் வைத்தால் சுரப்பிகள் கண்ணாடி போல நொறுங்கும், கை பட்டாலே உதிரும். படுக்கையறையின் உட்புற அலமாரியில், வெளிச்சுவர் இல்லாத பக்கத்தில், கீழ்த் தட்டு என்று முடிவானது. அங்கே வெப்பம் பகலிலும் 22 டிகிரியைத் தாண்டவில்லை. உயரமான தட்டு என்ற பாதுகாப்பு போய்விட்டதால் பூட்டுப் பெட்டி வேண்டியிருந்தது. நான்கு எண் பூட்டு உள்ள இரும்புப் பெட்டி வாங்கினார்கள்.

கடைசியாக, இருப்பை இரண்டாகப் பிரித்தோம். பெரிய ஜாடி வாரம் ஒரு தடவை மட்டும் திறக்கும். ஏழு நாளுக்கான 1.4 கிராம் ஒரு சின்ன ஜாடிக்கு மாறும். இரவில் திறந்து மூடுவது அதை மட்டும். இரண்டிலும் வாங்கிய தேதி, தொகுதி எண், திறந்த தேதி எழுதி ஒட்டினோம். அடியில் சேரும் தூளைக் கொட்ட வேண்டாம், அதைப் பூவோடு சேர்த்தே கிண்ணத்தில் போடலாம் என்றும் சொன்னேன்.

இரண்டாவது சறுக்கல்

முதல் வாரம் பெரிய ஜாடி 64-ல் தொடங்கியது. (ஐந்தைக் கூட்டிச் சொல்கிறேன். கருவியின் முதுகில் "+5" என்று எழுதி ஒட்டிவிட்டோம்.) வாங்கும்போதே சற்று ஈரமாக வந்திருக்கிறது. மூடியைத் திறந்து கால் மணி நேரம் வைத்து மூடினோம், மறுநாளும் அப்படியே. 60-க்கு வந்தது, அப்புறம் பை பார்த்துக்கொண்டது. 58, 59 என்று நின்றது.

சின்ன ஜாடிதான் புரியவில்லை. மூன்றாவது நாள் 49. அடுத்த வாரம் புதிதாக நிரப்பியும் நான்கே நாளில் 46. அதே பூ, அதே அலமாரி, அதே வகை ஜாடி. பை கெட்டுவிட்டதோ என்று மாற்றினோம். பிறகும் அதேதான். இரவில் ஒரு நிமிடம் திறப்பதால் இவ்வளவு போகாது.

மகள் மூடியின் ரப்பரைக் குறை சொன்னார். நான் கருவியைக் குறை சொன்னேன். கடைசியில் ஒரு நாள் இரவு மருந்து எடுக்கும் நேரத்துக்குப் போய் உட்கார்ந்தேன். நோயாளி பெட்டியிலிருந்து சின்ன ஜாடியை எடுத்தார். மூடி குழந்தைகள் திறக்க முடியாத வகை, அமுக்கிக்கொண்டே திருக வேண்டும். மேசை விளிம்பில் ஜாடியை அழுத்திப் பிடித்து, இரண்டு உள்ளங்கையாலும் மூடியைப் பிடித்து, மூன்றாவது முயற்சியில் திறந்தார். எடுத்து முடித்ததும் மூடியை மேலே வைத்து, ஒரு கால் திருப்பு திருப்பினார், விட்டுவிட்டார். மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

"இறுக்கிட்டா நாளைக்கு என்னால திறக்க முடியாது, சிஸ்டர். விரல் நுனியில ஒண்ணுமே தெரியல."

கீமோவினால் வந்த நரம்பு மரமரப்பு. அவருடைய கோப்பில் நானே எழுதியிருந்தேன், "இரு கை விரல்களிலும் உணர்வு குறைவு" என்று. சட்டைப் பொத்தான் போடச் சிரமப்படுவதையும் எழுதியிருந்தேன். ஜாடி மூடியோடு அதைச் சேர்த்து யோசிக்கவில்லை.

பழைய ஜாடியையும் இப்படித்தான் மூடுவீர்களா என்று கேட்டேன். ஆமாம், முதல் நாளிலிருந்தே. பகலில் மகள் பார்த்தால் இறுக்கிவிடுவார், பார்க்காத நாட்களில் அப்படியே கிடக்கும். ஆக, ஆறு வாரத்தில் பூ காய்ந்ததற்கு வெளிச்சத்தையும் அடுப்பையும் பெரிய ஜாடியையும் நான் காரணம் சொன்னது பாதிதான் சரி. ஈரம் வெளியேறிய வழி இந்த மூடி. பூ அப்படிக் காய்ந்ததைச் சரிசெய்யத்தான் தோல் உள்ளே போனது, தோலால்தான் பூஞ்சை வந்தது.

மகளிடம் அவர் இதைச் சொல்லாததற்கும் காரணம் இருந்தது. ஏற்கெனவே எல்லாவற்றுக்கும் அவளைக் கூப்பிடுகிறேன், இதற்குமா என்று நினைத்திருக்கிறார்.

மாற்றிய மூடி

அகல வாயும், ரப்பர் வளையமும், கம்பிப் பூட்டும் உள்ள கண்ணாடி ஜாடி ஒன்று வாங்கினோம். கம்பியை உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தினால் மூடிக்கொள்ளும், கட்டைவிரலை அடியில் கொடுத்துத் தூக்கினால் திறந்துகொள்ளும். விரல் நுனி தேவையில்லை. மூடியதும் "டக்" என்று சத்தம் கேட்கும், உணர்வில்லாத விரலுக்கு அந்தச் சத்தம் பெரிய உதவி. இது தெளிந்த கண்ணாடியில்தான் கிடைத்தது. இருண்ட பெட்டிக்குள் இருப்பதால் பரவாயில்லை என்று விட்டோம்.

குழந்தைகள் திறக்க முடியாத மூடியை எடுத்துவிடுகிறோமே என்ற யோசனை எனக்கு இருந்தது. பெட்டியின் பூட்டு அந்த வேலையைச் செய்கிறது என்ற கணக்கில் ஒப்புக்கொண்டேன். பூட்டின் எண்கள் உருட்டும் வகை, பெரியவை, அவரால் உருட்ட முடிந்தது.

அதற்குப் பிறகு

முதல் வாரமே சின்ன ஜாடி 57-ல் நின்றது. அடுத்த பத்து வாரத்தில் 56-க்குக் கீழேயோ 61-க்கு மேலேயோ போகவில்லை. 10 கிராம் முடிந்து அடுத்த 10 கிராமும் வந்துவிட்டது. வாரத்துக்கு ஒரு முறை, பெரிய ஜாடியிலிருந்து மாற்றும்போது, மகள் ஒரு பூவைப் பிளந்து பூதக்கண்ணாடியில் பார்க்கிறார். இழைகள் எதுவும் இல்லை.

நோயாளி 0.2 கிராமிலேயே நிற்கிறார், கூட்டவில்லை. தொண்டை எரிச்சல் போய்விட்டது. வெள்ளணு குறைந்த இரண்டு தடவை, ஒவ்வொன்றும் ஏழெட்டு நாள், மருத்துவர் சொன்னபடி நிறுத்தி வைத்தார். அந்த நாட்களில் குமட்டல் திரும்பி வந்தது, மாத்திரையோடு ஒப்பேற்றினார்.

மறுபடி செய்வதானால்

முதல் நாளே கையைப் பார்ப்பேன். "இதை மூடிக் காட்டுங்கள்" என்று கேட்க அரை நிமிடம் ஆகாது. இன்சுலின் ஊசிக்கும் மாத்திரை டப்பாவுக்கும் எல்லா வீட்டிலும் இதைச் செய்கிறேன், இங்கே செய்யவில்லை. கஞ்சா என்றதும் சட்டம், அளவு, குழந்தை என்று மனம் அங்கேயே நின்றுவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆறாவது வாரத்தில் போன் வந்தபோது, "நான் வரும்வரை உள்ளே எதுவும் போடாதீர்கள்" என்று ஒரு வரி சொல்லியிருப்பேன். காய்ந்த பூவை ஈரப்பதப் பை வைத்து ஒரு வாரத்தில் பதத்துக்குக் கொண்டுவந்திருக்கலாம். வாசனை திரும்பியிருக்காது, ஆனால் 18 கிராமும் மிஞ்சியிருக்கும், நோயாளியும் மூன்று வாரம் குமட்டலோடு இருந்திருக்க மாட்டார்.

கருவியை ஜாடிக்குள் வைப்பதற்கு முன்பே உப்பில் சோதித்திருப்பேன். அன்று 71-க்குப் பதிலாக 63 காட்டியிருந்தால், உண்மையில் 68 இருக்கும்போது "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். அதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

போன வாரம் போயிருந்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. பெரிய ஜாடி 58, சின்னது 57. கிளம்பும்போதுதான் கவனித்தேன், பெட்டி மூடியில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. மனைவி எண்ணை மறந்துவிடுவார் என்று ஐயா பூட்டின் நான்கு எண்களையும் எழுதி, பெரிய எழுத்தில், பெட்டியின் மேலேயே ஒட்டியிருக்கிறார். சீட்டைக் கிழித்து அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் சனிக்கிழமை, பேரன் வரும் நாள்.